விண்மீன் எடுத்த சீட்டு

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையில் இருக்கிறது காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் ஜவ்வாது மலைக் காடு, மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கும் சரிவுகள். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் அங்கேதான் நிற்கின்றன. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி துலாம் ராசிப் பக்கம் திரும்பியிருந்தது. யுரேனஸ் கோள் நகர்ந்து வந்து ஒரு மங்கலான விண்மீனை மறைக்கப் போகிறது என்று கணக்குச் சொன்னது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோளின் வட்டுக்கு வெளியே இருந்தபோதே விண்மீனின் ஒளி சட்டென்று தணிந்து மீண்டது.

இதுவரை அறியாத ஒரு துணைக்கோள் குறுக்கே போயிருக்க வேண்டும் என்று கருதி அவர்கள் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த ஒரு விமானத் தொலைநோக்கியிலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும் இதே விண்மீனைப் பார்த்தார்கள். கோளுக்கு இந்தப் பக்கம் ஐந்து தணிவுகள், அந்தப் பக்கமும் ஐந்து தணிவுகள். துணைக்கோள் அல்ல, வளையங்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பது உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

இந்தக் கதையை வளையத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அதற்கும் முந்தைய ஒரு சின்னக் கேள்வி: ஒளி தணிந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விண்மீன் ஒளியின் அளவு ஒரு நொடிகூட ஒரே நிலையில் நிற்காது. கருவி வரையும் கோடு எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தில் எது வானத்தில் நடந்தது, எது சும்மா வந்தது என்று பிரிப்பதுதான் வானியலாளரின் அன்றாடத் தொழில். ‘சும்மா வந்தது’ என்கிறோமே, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? காரணமே இல்லாமல் ஒன்று நடக்க முடியுமா, அல்லது காரணம் நமக்குத் தெரியாமல் இருக்கிறதா?

நடுக்கத்தின் முதல் காரணம் காற்று. விண்மீனிலிருந்து பல ஆண்டுகள் நேராக வந்த ஒளி, கடைசிச் சில கிலோமீட்டரில் சூடும் குளிருமான காற்றுத் திட்டுகளில் புகுந்து வளைந்து நெளிகிறது. மினுமினுப்பு என்பது அதுதான். இரண்டாவது காரணம் கருவியின் வெப்பம். ஒளியே விழாத இருட்டிலும் அது அவ்வப்போது ஒரு துடிப்பைப் பதிவு செய்துவிடும், குளிர்வித்தால் குறையும். மூன்றாவது காரணத்தைக் காற்றில்லாத இடத்துக்குப் போனாலும், கருவியை எவ்வளவு குளிர்வித்தாலும் விரட்ட முடியாது. அது ஒளிக்குள்ளேயே இருக்கிறது.

ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு விண்மீனிலிருந்து நொடிக்குச் சராசரியாக 100 ஒளித்துகள்கள் கருவியில் பதிவாவதாக வைத்துக்கொள்வோம். எல்லா நொடியும் 100 வராது. ஒரு நொடி 93, அடுத்தது 108, அதற்கடுத்தது 101. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சராசரியின் வர்க்கமூலம். 100 துகளுக்கு 10 கூடக்குறைய இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 துகளுக்கு 100, அதாவது ஒரு சதவீதம். 10 லட்சம் துகளுக்கு 1,000, வெறும் 0.1 சதவீதம். வானியலாளர்கள் பெரிய ஆடி வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த வர்க்கமூலம். அதே வளாகத்தில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, ஒரு மீட்டர் தொலைநோக்கியைவிட ஐந்து மடங்குக்கும் மேல் ஒளியைத் திரட்டும். அதன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேல், நடுக்கத்தின் பங்கு சிறுத்துவிடும். சிறுக்குமே தவிர, போகாது.

ஒவ்வொரு துகளும் எப்போது வரும் என்பதற்கு ஒழுங்கில்லை. ஆனால் ஒழுங்கின்மைக்கு இவ்வளவு கறாரான கணக்கு இருக்கிறது. இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. நீலகிரியின் அருவங்காட்டில் 1916இல் பிறந்த ராபர்ட் ஹான்பரி பிரௌன், பின்னாளில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ட்விஸ் என்பவருடன் சேர்ந்து, ராணுவத்தின் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டை சிரியஸ் விண்மீன் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணாடியின் நடுக்கத்தையும் மற்றதன் நடுக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஓரளவு சேர்ந்தே நடுங்கின! ஒளித்துகள்கள் முற்றிலும் தனித்தனியாக வருவதில்லை. கொஞ்சம் கும்பலாக வர விரும்புகின்றன. அந்த நடுக்கத்தின் ஒற்றுமையை வைத்தே 1956இல் சிரியஸின் விட்டத்தை அளந்துவிட்டார்கள். பெரிய இயற்பியலாளர்கள் சிலரே இதை நம்ப மறுத்துச் சண்டை போட்டார்கள். டாக்காவிலிருந்த சத்யேந்திர நாத் போஸ் 1924இல் எழுதிய கணக்கின்படி ஒளித்துகள்கள் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். தற்செயல் என்றால் தாறுமாறு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைத் தேடிப் படிக்கலாம்.

சரி, மூன்று நடுக்கமும் ஒரே வகையா? இங்கே கொஞ்சம் நின்று, கீழே இறங்கி, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போக வேண்டும்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அவை விவரிக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். அந்தத் தகுதி எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது அல்ல. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்களின் சபை. இன்றைய மேடைகளில் இதைக் குடியாட்சியின் தாய் என்று புகழும்போது இந்தப் பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் குலுக்கும் முறையைப் படித்தால் அதை எழுதியவரின் சந்தேக புத்தியை மெச்சாமல் இருக்க முடியாது. சபை முழுவதும் கூடியிருக்கும்போது மூத்த பூசாரி குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அந்தச் சிறுவனே ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா! பிறகு உரக்கப் படிக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: அறியாமை. சிறுவனுக்கு எழுத்து தெரியாது, யார் யாருக்கு வேண்டியவர் என்றும் தெரியாது. குடத்துக்குள் எந்த ஓலை எங்கே கிடக்கிறது என்பது இயற்பியலைப் பொறுத்தவரை ஒளிவுமறைவில்லாத விஷயம். குடத்தை ஊடுருவிப் பார்க்கும் கண் ஒருவருக்கு இருந்தால், சிறுவனின் கை எங்கே போகும் என்று கணிக்கவும் தெரிந்தால், அவருக்கு அதில் தற்செயல் ஏதும் இல்லை. தாயக்கட்டையும் சோழியும் கிரிக்கெட் மைதானத்து டாஸும் இதே வகைதான். கையை விட்டுக் கிளம்பிய நொடியிலேயே விடை முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் 1814இல் இதை உலகம் முழுவதற்கும் நீட்டினார். எல்லாத் துகளின் இடமும் வேகமும் தெரிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலம்போலவே கண்முன் விரியும் என்றார்.

காவலூரில் மினுமினுக்கும் காற்று இந்த வகையில் சேரும். காற்றுக்கும் விதிகள் உண்டு. ஆனால் அந்த விதிகள் சின்னப் பிழையைப் பெரிதாக்கும் குணமுடையவை. எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வானிலையைப் பற்றிச் சொன்னது இதைத்தான்: தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, கொஞ்ச நாளில் வெயிலுக்கும் மழைக்குமான வேறுபாடாக வளர்ந்துவிடும்.

கோள்கள்கூட விலக்கல்ல. காவலூரில் ராஜமோகனும் அவர் குழுவினரும் 1988 பிப்ரவரி 17ஆம் தேதி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். இன்று இரவு அது வானத்தில் எங்கே இருக்கும் என்று கேட்டால் மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். நூறாண்டு கழித்து வரும் கிரகணத்தையும் நிமிடக் கணக்கில் சொல்லலாம். ஆனால் மிகத் தொலைவுக்குப் போனால் கணக்கு கைவிடும். ஜாக் லாஸ்கர் 1989இல் காட்டியது: பூமியின் இன்றைய இடத்தை அளப்பதில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டுக்குப் பிறகு அது 150 மீட்டர் ஆகும், பத்துக் கோடி ஆண்டுக்குப் பிறகு 15 கோடி கிலோமீட்டர். அதாவது பூமி தன் பாதையில் எங்கே இருக்கும் என்றே சொல்ல முடியாது. ஒவ்வொரு அடியும் விதிப்படிதான் நடக்கிறது. இருந்தும் கணிக்க முடியவில்லை.

சிறுகோளுக்குப் பெயர் தந்தவரும் இந்தக் கேள்விக்கு ஒரு சாட்சி. ராமானுஜனும் ஹார்டியும் 1917இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஓர் எண்ணுக்கு எத்தனை பகாக் காரணிகள் இருக்கும்? பத்துக் கோடி அளவிலான எண்களுக்குப் பெரும்பாலும் மூன்றை ஒட்டி இருக்கும் என்பதுபோல ஒரு விடை அவர்கள் தேற்றத்திலிருந்து வருகிறது. பிறகு 1940இல் பால் ஏர்டிஷும் மார்க் காட்ஸும் ஓர் அதிசயத்தை நிறுவினார்கள். அந்த எண்ணிக்கை மூன்றுக்கு மேலும் கீழும் பரவும் விதம், நாணயத்தைப் பலமுறை சுண்டினால் தலைகளின் எண்ணிக்கை பரவும் அதே மணி வடிவ வளைவு! பகா எண்களை யாரும் சுண்டிப் போடவில்லை. 12ஐ எப்போது வகுத்தாலும் 2ம் 3ம்தான் வரும். ஆனாலும் கூட்டமாகப் பார்த்தால் தாயம் உருட்டியதுபோல இருக்கிறது.

பை (π) என்ற எண்ணின் இலக்கங்கள் இன்னும் பிடிவாதம். ராமானுஜன் 1914இல் தந்த தொடர்களின் வழிவந்த சூத்திரத்தால்தான் இன்று லட்சம் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கணக்கிடுகிறார்கள். எந்தச் சோதனைக்கு உட்படுத்தினாலும் அந்த இலக்கங்கள் குலுக்கல் சீட்டுகளாகவே தோன்றுகின்றன. ஒன்றுகூட மாற முடியாதபடி நிர்ணயமானவை என்றாலும். ஆக, ஒரு வரிசையை உற்றுப் பார்த்து மட்டும் அது உண்மைத் தற்செயலா என்று சொல்ல வழியே இல்லை. பார்வைக்குத் தாறுமாறாக இருப்பது சாட்சியாகாது.

உங்கள் கைப்பேசியும் இந்த வேஷத்தை நம்பித்தான் ஓடுகிறது. வங்கிச் செயலி போடும் ரகசியப் பூட்டுக்குத் தற்செயல் எண் வேண்டும். கணினி அதை ஒரு சிறிய விதை எண்ணிலிருந்து சூத்திரத்தால் பெருக்கிக்கொள்கிறது. விதை கசிந்தால் எல்லாம் கசிந்தது. டெபியன் என்ற இயங்குதளத்தில் 2006இல் ஒருவர் தேவையற்றவை என்று நினைத்து ஓரிரு வரிகளை நீக்கினார். அதனால் விதைகள் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கிவிட்டன. கோடானுகோடி சாவிகளில் ஒன்று என்று எல்லோரும் நம்பிய சாவியை, வரிசையாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம் என்ற நிலை. இதைக் கண்டுபிடிக்க 2008 ஆயிற்று.

இனி மூன்றாவது நடுக்கம்.

காவலூரில் அன்று ஒளியை அளந்தது ஒளிப்பெருக்கிக் குழல். அதன் முகப்பில் ஓர் உலோகப் பூச்சு இருக்கும். ஒளித்துகள் அதில் மோதினால் ஓர் எலக்ட்ரான் வெளியே துள்ளலாம், துள்ளாமலும் போகலாம். அந்தக் காலக் குழல்களில் நான்கைந்து துகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் துள்ளும். ஒரே நிறம், ஒரே பூச்சு, ஒரே மாதிரித் துகள்கள் ஐந்து வருகின்றன. ஒன்று எண்ணப்படுகிறது, நான்கு வீணாகின்றன. எது அந்த ஒன்று? குவாண்டம் இயற்பியல் தருவது விகிதத்தை மட்டுமே. ‘இது ஏன், அது ஏன் இல்லை’ என்ற கேள்விக்கு அதன் ஏட்டில் இடமே கிடையாது.

இந்த இடத்தில் எரிச்சல் அடைந்தவர் ஐன்ஸ்டைன். வேடிக்கை என்னவென்றால், கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். ஒளி துகளாக வந்து எலக்ட்ரானைத் தள்ளுகிறது என்று 1905இல் சொன்னவர் அவர். அணு எப்போது, எந்தத் திசையில் ஒளியை உமிழும் என்பதை நிகழ்தகவிடம் விட்டுவிட்டு, அது தன் கோட்பாட்டின் குறை என்று 1917இல் எழுதி வைத்தவரும் அவரே. கடவுள் பகடை ஆடுவதில்லை என்று 1926இல் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். அவர் கட்சி நியாயமானதுதான். உத்திரமேரூர்க் குடத்துக்குள் ஓலை எங்கோ ஓர் இடத்தில் கிடப்பதுபோல, ஒளித்துகளுக்குள்ளும் நாம் பார்க்காத ஒரு குறிப்பு இருக்கலாம். ‘நான் எண்ணப்படுவேன்’ என்றோ ‘நான் வீணாவேன்’ என்றோ அதில் எழுதியிருக்கலாம். நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பல ஆண்டுகள் இது தத்துவச் சண்டையாகவே கிடந்தது. அதைச் சோதனைச்சாலைக்குள் இழுத்து வந்தவர் ஜான் பெல் என்ற வட அயர்லாந்துக்காரர். ஆண்டு 1964. அவருடைய வாதத்தை ஓர் ஆட்டமாக இங்கேயே ஆடிப் பார்க்கலாம்.

அண்ணன் ஜமுனாமரத்தூரில், தங்கை ஆலங்காயத்தில். ஆட்டம் தொடங்கிய பின் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. நடுவர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள்: ‘சாமையா?’ அல்லது ‘வரகா?’ விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. விதி இதுதான்: இருவரிடமும் ‘வரகா?’ என்று கேட்டால் விடைகள் மாறுபட வேண்டும்; மற்ற மூன்று விதத்திலும் விடைகள் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தைய நாள் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். என்ன பேசினாலும் நூற்றுக்கு 75 முறைக்கு மேல் ஜெயிக்க முடியாது. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சாமை–சாமைக்கு இருவர் விடையும் ஒன்று. அண்ணனின் சாமை விடையும் தங்கையின் வரகு விடையும் ஒன்று. அண்ணனின் வரகு விடையும் தங்கையின் சாமை விடையும் ஒன்று. அப்படியானால் நான்கு விடைகளும் ஒன்றாகிவிடுகின்றன. வரகு–வரகுக்கு மாறுபட வழியில்லை. நான்கில் ஒன்று தோற்றே ஆக வேண்டும்.

ஒரே மூலத்திலிருந்து பிணைந்து பிறந்த இரண்டு ஒளித்துகள்களை இருவர் கையிலும் கொடுங்கள். கேள்விக்கு ஏற்ற கோணத்தில் கருவியை வைத்து, துகள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து விடை சொன்னால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கலாம் என்கிறது குவாண்டம் கணக்கு. பெர்க்லியில் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃபிரீட்மனும் 1972இல் முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள். காவலூருக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்த அதே ஆண்டு. பின்பு 1982இல் பாரிஸுக்கு அருகே அலென் ஆஸ்பே, அதன் பின் வியன்னாவில் ஆன்டன் ஸைலிங்கர். கிளாசர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு. ஒவ்வொரு முறையும் இயற்கை, எழுதிவைத்த விடைகளால் தாண்ட முடியாத எல்லையைத் தாண்டியது.

தங்கையின் விடை முன்பே எழுதப்பட்டிருந்தால் 75ஐத் தாண்ட முடியாது. தாண்டியது. ஆகவே ஒவ்வொரு துகளும் தனக்கான குறிப்பைத் தனியே சுமந்து வருகிறது என்ற எளிய கதை செத்தது. ஒரு வழி மிச்சம் உண்டு: அண்ணனிடம் கேட்ட கேள்வி தங்கையின் விடையை எப்படியோ தொடுகிறது என்று சொல்லலாம். ஆனால் அவள் விடை கணிக்கக்கூடியதாகவும் இருந்து, அண்ணனின் கேள்வியால் மாறவும் செய்தால், தன் விடையைப் பார்த்தே மலைமேல் என்ன கேட்டார்கள் என்று அவள் அறிந்துவிடுவாள். ஒளியைவிட வேகமான தந்தி ஆகிவிடும் அது. அப்படி ஒரு தந்தியை யாரும் பார்த்ததில்லை. தங்கையின் விடைகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஆமும் இல்லையும் சரிபாதி. அண்ணனிடம் என்ன கேட்டாலும் அந்தப் பாதி மாறாது. 75ஐத் தாண்டுவதும், தந்தி இல்லாமல் இருப்பதும் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால், தனி விடைகள் யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாதவையாக இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய கணினி வைத்திருப்பவராக இருந்தாலும் சரி.

இதில் ஒரு புதுமை இருக்கிறது. பையின் இலக்கங்களை எவ்வளவு சோதித்தாலும் தற்செயலா என்று தெரியாது என்றேன். இங்கே இரண்டு வரிசைகளின் ஒப்பீடே சான்றிதழ் தருகிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்திய இரண்டு இட்டெர்பியம் அயனிகளை வைத்து 2010இல் ஒரு குழு இப்படிச் சான்றளித்த தற்செயல் இலக்கங்களை எடுத்தது. ஒரு மாத உழைப்புக்குக் கிடைத்தவை 42. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊர்பசி சின்ஹாவின் குழு வேறு பாதையில் போகிறது. இரண்டு இடங்களுக்குப் பதிலாக, ஒரே ஒளித்துகளை வெவ்வேறு கணங்களில் அளந்து, அந்த அளவுகளுக்கிடையே உள்ள உறவிலிருந்து சான்றளித்த எண்களை எடுக்கிறது. வங்கிப் பூட்டுகளுக்கு ஒரு நாள் இவை பயன்படும்.

ஆனால் ஓர் ஓட்டையை நான் இன்னும் சொல்லவில்லை. நடுவர்கள் ‘சாமையா, வரகா’ என்று எதைக் கேட்பார்கள் என்பது முந்தைய நாளே அண்ணனுக்கும் தங்கைக்கும் தெரிந்திருந்தால்? நூற்றுக்கு நூறும் ஜெயிக்கலாம். ஆட்டத்துக்கே அர்த்தம் போய்விடும். ஆகவே கேள்விகள் கணிக்க முடியாதவையாக இருக்க வேண்டும். தற்செயல் உண்டா என்று சோதிக்கத் தற்செயலே தேவைப்படுகிறது! சோதனைச்சாலையில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் கருவியும் இதே உலகத்தில் செய்தது. அதற்கும் ஒளித்துகள் பிறக்கும் மூலத்துக்கும் பழைய பொதுக் காரணம் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது?

குடவோலை எடுக்க ஊர்ச் சண்டை எதுவும் அறியாத சிறுவனைத் தேடிய அதே தேவைதான். வியன்னாக் குழுவினர் விண்மீனைத் தேடிப் பிடித்தார்கள். 2017இல் வெளியான சோதனையில், நம் பால்வழி மண்டலத்தின் விண்மீன்களிலிருந்து வந்த ஒளித்துகளின் நிறம் கேள்வியைத் தீர்மானித்தது: சிவப்புப் பக்கம் என்றால் ஒரு கேள்வி, நீலப் பக்கம் என்றால் மற்றது. அந்த ஒளி சுமார் 600 ஆண்டுகளுக்கு முன், விஜயநகர அரசு தழைத்திருந்த காலத்தில், விண்மீனை விட்டுக் கிளம்பியது. கூட்டுச் சதி ஏதும் இருந்தால் அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே இன்னும் பின்னால் போனார்கள். கேனரித் தீவுகளின் லா பால்மாவில், காவலூரின் பெரிய தொலைநோக்கியைவிடவும் பெரிய இரண்டு தொலைநோக்கிகள் குவேசார் எனப்படும் மிகத் தொலைவான ஒளிமூலங்கள் இரண்டை நோக்கின. ஒன்றின் ஒளி 780 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. மற்றதன் ஒளி 1,220 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது பூமி இல்லை, சூரியனும் இல்லை. அந்த ஒளியின் நிறம் கேட்ட கேள்விக்கும் பிணைந்த துகள்கள் எல்லையைத் தாண்டியே விடை சொல்லின.

இதனால் நிரூபணம் முடிந்துவிட்டதா? இல்லை, நேர்மையாகப் பார்த்தால் மூன்று மறுப்புகள் இன்னும் நிற்கின்றன. டேவிட் போம் 1952இல் தந்த கோட்பாட்டில் தற்செயல் இல்லை, எல்லாம் நிர்ணயம். ஆனால் அதில் இங்கே நடப்பது அங்கே உள்ளதை நொடியும் தாமதிக்காமல் தொடுகிறது. அந்தத் தொடுகையும் மனிதர் கண்ணுக்கு ஒருபோதும் பிடிபடாதபடி மறைந்திருக்கிறது. 1957இல் ஹியூ எவரெட் சொன்னது, எண்ணப்படுவதும் வீணாவதும் இரண்டுமே நடக்கின்றன, உலகம்தான் கிளை பிரிகிறது என்று. மூன்றாவது மறுப்பு மிகக் கடுமையானது. கேள்வி கேட்பவரின் தேர்வு, குவேசாரின் ஒளி, சோதனைச்சாலைத் துகள் எல்லாமே அண்டத்தின் தொடக்கத்திலேயே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எழுதப்பட்டவை என்கிறது அது. நோபல் பரிசு பெற்ற ஹெரார்ட் எட் ஹோஃப்ட் போன்ற பெரியவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அவர்கள் அதை இயற்பியல் என்று சொல்லவில்லை.

எனக்கு வழி காட்டுவது இன்னொரு முடிவு. ரோஜர் கோல்பெக்கும் ரெனாட்டோ ரென்னரும் 2012இல் தொடங்கிவைத்த கணக்கு அது. 2013இல் வேறொரு குழு அதை இன்னும் கூர்மையாக்கியது. கேள்வி கேட்பவரின் தேர்வு முக்கால்வாசி முன்னமே எழுதப்பட்டதாக இருக்கட்டும், இன்னும் அதிகமாகவே இருக்கட்டும். அதில் எவ்வளவு குறைந்த அளவு சுதந்திரம் மிச்சமிருந்தாலும், ஒளியைவிட வேகமான தந்தி இல்லை என்றால், பிணைந்த துகள்களைக் கொண்டு அதை முழுத் தற்செயலாக வளர்த்துவிடலாம். அரைகுறைத் தற்செயல் என்ற நடுநிலை அங்கே செல்லாது. சுத்தமாக இல்லை, அல்லது முழுசாக இருக்கிறது.

காவலூரின் மூன்று நடுக்கங்களையும் பிரித்துச் சொன்னேன். அந்தப் பிரிவுகூட அவ்வளவு கறாரானது அல்ல. காற்று சின்னப் பிழையைப் பெரிதாக்கும் என்றால், அந்தச் சின்னப் பிழைகளின் அடியில் இருப்பவை மூலக்கூறுகள். அவை மோதும் விதத்தில் குவாண்டம் கணிக்கவொண்ணாமை உண்டு. சில மோதல்களிலேயே அது பெருகிவிடும். எனவே மினுமினுப்பும் அடிவரை தோண்டினால் வெறும் அறியாமையாக இல்லாமல் போகலாம். தாயக்கட்டைக்கும் அப்படித்தானா என்பது ஆர்வமான கேள்வி. கை பெரிது, கட்டை கனமானது, உருள்வது சில முறைதான். அங்கே அறியாமைக்குத்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

உண்மைத் தற்செயல் உண்டா என்ற கேள்விக்கு என் விடை: உண்டு. இல்லை என்பவர்கள் கணக்கில் தவறவில்லை. ஆனால் 1,220 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியின் நிறமும், 2018இல் ஒரு தீவில் பிறந்த துகளின் போக்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டவை என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அல்லது ஒருபோதும் கண்ணில் படாத ஒரு தொடுகையையோ, கணந்தோறும் கிளைக்கும் உலகங்களையோ ஏற்க வேண்டியிருக்கிறது. எந்தச் சோதனையில் என்ன வந்தால் தங்கள் கட்சி தோற்றதாக ஒப்புக்கொள்வார்கள் என்று, எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்னும் கட்சியினர் எல்லோரும் ஏற்கும்படி இன்னும் சொல்லவில்லை. அது வரும்வரை நான் விண்மீன் எடுத்த சீட்டை நம்புகிறேன்.